தரையில் கிடந்த கூரை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. வீடு கட்டுகிறவர்கள் வாங்கிப் படிக்கிற ஒரு மாத இதழுக்காக, ‘கூரைச் சொற்களும் கூரை வகைகளும்: ஓர் எளிய அறிமுகம்’ என்ற கட்டுரையாகத்தான் பிறந்தது. இதழாசிரியர் கேட்டார், நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டேன். கூரையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தலைக்கு மேலே இருக்கும், ஒழுகாதவரை யாரும் அண்ணாந்து பார்க்கமாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. எதைப் பற்றி வேண்டுமானாலும் ஆயிரம் சொற்கள் எழுதிவிடலாம் என்று நினைப்போம்.

கட்டுரையின் முதல் வரி இது:

‘முகடு என்பது கூரையின் இரண்டு சரிவுகளும் உச்சியில் ஒன்றுசேர்கிற கோடு. மழைத்துளி அங்கே விழுந்த பிறகுதான் எந்தப் பக்கம் போவது என்று—’

அந்த இடத்தில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் என் அக்கா நிற்கிறாள். தோளில் பெரிய பை.

“என்னக்கா, சொல்லாம கொள்ளாம?”

“அந்த மனுஷனோட ஒரே கூரைக்குக் கீழ என்னால இருக்க முடியாதுடி.”

“ஐயோ, என்ன ஆச்சு?”

“கூரைதான் ஆச்சு. நகரு, உள்ள வரணும்.”

சொல்லுங்கள், இப்படி ஒரு வசனம் வாசலில் வந்து நிற்கும்போது எவளாவது கட்டுரை எழுதுவாளா? முகட்டில் நின்ற மழைத்துளியை அப்படியே விட்டுவிட்டேன். அது இன்னும் அங்கேதான் நிற்கிறது.

2

இனி கொஞ்சம் விளக்கம். (கட்டுரைக்காரப் புத்தி, போகாது.)

அக்காவும் அத்தானும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கூடம், இரண்டு அறைகள், அடுப்படி, பின்பக்கம் துணி துவைக்கக் கொஞ்சம் இடம். சுவர்கள் எழும்பிவிட்டன. சன்னல் சட்டங்கள் உட்கார்ந்துவிட்டன. சுவிட்சுப் பெட்டி கதவுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று பேசினார்கள். அடுப்படி மேடைக்குக் கறுப்புக் கல்லா சாம்பல் கல்லா என்று பேசினார்கள். குளியலறைக் கதவு உள்ளே திறப்பதா வெளியே திறப்பதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தின்றார்கள். கூரையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறந்துபோய் அல்ல. இரண்டு பேருக்கும் அது ஏற்கெனவே முடிவான விஷயம். அக்காவின் மனசில் மொட்டை மாடி போட்டாயிற்று. அத்தானின் மனசில் ஓடு வேய்ந்த சரிவுக் கூரை ஏறிவிட்டது. இத்தனை காலம் சேர்ந்து வாழ்ந்தபிறகு இதைப் போய் வாய் திறந்து சொல்ல வேண்டுமா என்று இரண்டு பேருமே நினைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து உலகத்தில் வேறு யாரும் நான்கு சுவரை எழுப்பிவிட்டு இந்தக் கேள்வியை விட்டுவைத்திருக்கமாட்டார்கள்.

கூரை வேலை செய்கிற தச்சர் வந்து, “சொல்லுங்க, என்ன கூரை?” என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

“மொட்டை மாடி.”

“ஓட்டுக் கூரை.”

பிறகு இருவரும் சிரித்தார்கள், மற்றவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து. அந்தச் சிரிப்பு முடிந்த இடத்தில் சண்டை ஆரம்பித்தது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கைதேர்ந்தவர்கள் இந்த மாதிரித் தகவலைச் சந்தடி சாக்கில் உள்ளே நுழைத்துவிடுவார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, அதனால் நேராகவே கையில் கொடுக்கிறேன்.

அக்கா சொன்னபடி சண்டையின் கடைசிப் பகுதி:

“மேல போய் உக்காந்து என்ன பண்ணப்போற?”

“சும்மா உக்காரப்போறேன்.”

“சும்மா உக்காரக் கீழ இடமா இல்ல? கீழதான் நான் இருக்கேனே.”

“அதனாலதான் மேல போறேங்கறேன்.”

சொன்னதும் அக்காவுக்கே திக்கென்று இருந்ததாம். அத்தான் கையில் அப்போது ரசமட்டம் இருந்தது. நடுவில் காற்றுக் குமிழி ஓடுமே, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற பட்டை, அது. அவர் அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு “சரி” என்றார்.

“அந்தச் சரிதான்டி எனக்குத் தாங்கல” என்றாள் அக்கா. “திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டிட்டு வேலையப் பாத்திருப்பேன்.”

3

அக்கா என் எழுதும் அறையைப் பிடித்துக்கொண்டாள். என் மேசைமேல் அவள் சீப்பு, அவள் கண்ணாடிக்கூடு, அவள் பை. நான் இதையெல்லாம் துணி தேய்க்கும் பலகைமேல் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இந்தக் கதையில் எனக்கும் ஒரு சுயநலம் இருக்கிறது. அவள் நல்லபடியாகத் திரும்பிப் போக வேண்டும். போனால்தான் எனக்கு மேசை கிடைக்கும். ஆனால் அவள் போவதைவிட நல்லபடியாகப் போவதுதான் எனக்கு முக்கியம். அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் இருவரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தச் சத்தம் நின்றுபோனால் எனக்குத் தாங்காது.

அதனால் ஒரு யோசனை வந்தது. கதையில் நானே ஒரு கூரையைப் போட்டு முடித்துவிட்டால் என்ன? வேண்டிய முடிவை எழுதி இரண்டு பேருக்கும் படித்துக்காட்டினால் மனசு மாறாதா? இதற்குப் பெயர் இலக்கியமா மாமா வேலையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் பலகையை விரித்துவைத்து எழுத ஆரம்பித்தேன்.

*முடிவு: மொட்டை மாடி.* தட்டைக் கூரை என்கிறோமே தவிர அது முழுக்கத் தட்டை அல்ல. தண்ணீர் தேங்காமல் ஒரு மூலைக்கு ஓட, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு வைப்பார்கள். அதற்கு வாட்டம் என்று பெயர். சுற்றிலும் இடுப்பளவு கைப்பிடிச்சுவர். அங்கே அவள் உட்கார்ந்திருக்கிறாள். மாலைக் காற்று. கீழே, தளத்தின்மேல் அவள் காலடி நகர்கிற சத்தத்தைக் கேட்டபடி அவர் தனியாக—

“அவர் எதுக்குடி கீழயே கெடக்கணும்? அவருக்குக் காலு இல்லையா?”

அக்கா தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள்.

“நீதானக்கா அவரு வேண்டாம்னு மேல போன?”

“அது கோவத்துல சொன்னது. கோவத்துல சொன்னதெல்லாம் அச்சுல ஏத்துவியா?”

[அழித்தேன். ஆனால் அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டேன்.]

*முடிவு: இருபுறச் சரிவு.* சின்னப் பிள்ளைகளிடம் பென்சிலைக் கொடுத்து வீடு வரையச் சொன்னால் வரைவார்களே, அந்தக் கூரை. உச்சியில் முகடு. முகட்டிலிருந்து இரண்டு பக்கமும் சாய்ந்து இறங்குகிற தடித்த மரங்களுக்குக் கைமரம் என்று பெயர். கைமரங்கள்மேல் குறுக்காக அடிக்கிற மெல்லிய சட்டங்கள் ரீப்பர். அதன்மேல் ஓடு. சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற விளிம்பு இறவாரம். மழை நாளில் அங்கிருந்துதான் தண்ணீர் சொட்டும். முன்சுவரின் முக்கோணத்தில் அத்தான் அவளுக்காக ஒரு சின்னச் சன்னல் வைத்துக்கொடுக்கிறார். அவள் அதன் வழியாக—

“சன்னலா? வானத்தத் தவணை முறையிலயா பாக்கறது?”

[அழித்தேன்.]

*முடிவு: நாற்புறச் சரிவு.* நான்கு பக்கமும் சாய்ந்து இறங்கும். முக்கோணச் சுவரே கிடையாது. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதை அத்தானுக்குத் தொலைபேசியில் படித்துக்காட்டினேன். உச்சி குளிர்ந்துபோவார் என்று நினைத்தேன்.

“மூலைக்கு மூலை கைமரம் வரும். மரம் வெட்டறவங்க பாடு திண்டாட்டம்” என்றார். பிறகு, “அவ சாப்பிட்டாளா?” என்றார்.

“நல்லாவே சாப்பிடறா அத்தான்.”

“ஓ” என்றார். அவ்வளவு வருத்தமான ஓவை நான் கேட்டதில்லை. பட்டினி கிடக்கிறாள் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம் என்று தொலைபேசியை வைத்தபிறகு தோன்றியது.

*முடிவு: கும்மட்டம்.* எனக்குக் கொஞ்சம் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். உருண்டையான கூரை, நடுவில் நின்று எதைச் சொன்னாலும் எதிரொலிக்கும். அவர் “சரி” என்கிறார். கூரை “சரி, சரி, சரி, சரி” என்கிறது. அவள் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறாள். தெருவில் போகிறவர்களெல்லாம் “என்ன சரி?” என்று—

[இதை அழிக்கவில்லை. அக்கா சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்தது இதற்கு மட்டும்தான்.]

பாதி மாடி, பாதி ஓடு என்று ஒரு முடிவும் இருக்கிறது. உங்களில் சிலர் அதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் சரிவும் தளமும் முட்டுகிற இடத்தில் தகரப் பட்டையை எவ்வளவுதான் இறுக்கி அடித்தாலும் முதலில் ஒழுகுவது அங்கேதான். கணவனும் மனைவியும் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்துக்கே ஓடிக்கொண்டிருப்பார்கள். கதைக்கு நல்லது, வீட்டுக்கு ஆகாது.

4

இங்கே ஓர் ஆளைப் பற்றிப் பேச வேண்டும். தச்சர். அவரை எல்லோரும் உத்தரம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். உத்தரம் என்றால் சுவருக்குச் சுவர் போகிற பெரிய மரம், கூரையின் பாரத்தைத் தாங்குவது. அவர் ஆள் நெடுநெடுவென்று இருப்பதால் வந்த பெயர்.

அவர்மேல் எனக்குச் சந்தேகம். ஆள் இருக்கிறாரா என்று அல்ல. இருக்கிறார், ஏணியோடு இருக்கிறார். சந்தேகம் என்னவென்றால், இப்படி ஒருவர் கதைக்குள் வந்தால் என்ன செய்வார் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். மெல்ல உளியைக் கீழே வைத்துவிட்டு, வாழ்க்கையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். எல்லோரும் வாயடைத்துப்போவார்கள். என் முதல் பிரதியில் அவர் அப்படித்தான் செய்தார். ‘தம்பதியும் கைமரமும் ஒண்ணும்மா, ஒண்ணுமேல ஒண்ணு சாஞ்சாத்தான்—’

கூசிப்போய் நிறுத்தினேன். உண்மையான உத்தரத்தின் வாயிலிருந்து நான் கேட்டவை: “என் ஏணிய யாரு எடுத்தது?” “இந்தச் சுவரு கோணல்னா அதுக்கு நான் பொறுப்பில்ல.” “எனக்குத் தெரியாத கூரையே கெடையாது.” கடைசியாகச் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். பெருமை அடித்துக்கொள்வதில் மன்னன். கோபம் வந்தால் அளவுநாடாவை இழுத்து இழுத்து விடுவார், அது சர்ரென்று உள்ளே ஓடும்.

அவருக்கும் அவசரம். இரண்டொரு நாளில் வேறோர் ஊருக்குப் பெரிய வேலைக்குப் போகிறார். போனால் மழைக்காலம் முடிந்துதான் திரும்புவார். அதற்குள் முடிவு சொன்னால் மரத்தை அறுத்துவைத்துவிட்டுப் போவார், அவர் ஆட்கள் மேலே ஏற்றிவிடுவார்கள், அல்லது தளம் போடுகிறவர்களைக் கைகாட்டிவிட்டுப் போவார். இல்லையென்றால் வீடு மழைக்காலம் முழுக்க வானம் பார்த்து நிற்கும். அக்கா மழைக்காலம் முழுக்க என் மேசையில் இருப்பாள். அவ்வளவு நாள் பேசாமல் இருந்தவர்கள் அதற்குப் பிறகு எப்படிப் பேச ஆரம்பிப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயம்.

5

உத்தரம் மாதிரி கூரைத் தச்சர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மரத்தை அறுப்பதற்கு முன்னால் கூரையை அசல் அளவிலேயே தரையில் வரைந்துவிடுவார்கள். வண்ணப்பொடி தோய்த்த நூலை இரண்டு பேர் இரண்டு முனையில் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால், சட்டென்று தரையில் ஒரு நேர்க்கோடு விழும். கோட்டின்மேல் மரத்தை வைத்து அடையாளம் போட்டு அறுப்பார்கள். பாதிக் கூரையை வரைந்தால் போதும். மறுபாதி அதைத் திருப்பிப் போட்டதுதான்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலை உத்தரம் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, “உங்க கூரை ரெடி, வந்து பாருங்க” என்று சொல்லியிருக்கிறார். மற்றவரையும் கூப்பிட்டதைச் சொல்லவில்லை. நான் அக்காவோடு போனேன், கட்டுரைக்குத் தகவல் வேண்டும் என்ற சாக்கில்.

கூடத்துக்குள் நுழைந்தால் அத்தான் நிற்கிறார்.

“நீ எங்க இங்க?”

“என் கூரையப் பாக்க வந்தேன்.”

“நான் என் கூரையப் பாக்க வந்தேன்.”

உத்தரம் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தரையைக் காட்டினார். சிமெண்டுத் தரையில் சிவப்பில் அத்தானின் சரிவு: கூடத்தின் ஒரு முனையில் முகடு, மறுமுனையில் இறவாரம், இடையில் நீளமாகக் கைமரம். அதன் மேலேயே நீலத்தில் அக்காவின் மாடி: நேராக ஒரு தளம், முனையில் கைப்பிடிச்சுவர். ஒன்றின்மேல் ஒன்று.

“ரெண்டையும் போட்டுட்டேன். எது வேணுமோ சொல்லுங்க, மத்தத அழிச்சிடறேன். எனக்குத் தெரியாத கூரையே கெடையாது.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? முகட்டின்மேல் ஏறி நின்றேன். ஏறவே வேண்டாம், ஓர் அடி எடுத்துவைத்தால் போதும். உயரம் என்றால் எனக்குத் தலைசுற்றும். ஆனால் இந்தக் கூரையின் உச்சியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காலில்கூட நிற்கலாம். எனக்கு அப்படி ஒரு குஷி. ‘கூரை வகைகள்’ கட்டுரைக்கு இதைவிட என்ன வேண்டும்! முகட்டிலிருந்து இறவாரம்வரை ஓடினேன், திரும்பி ஓடினேன். உத்தரம் என்னைப் பார்த்துவிட்டு அக்காவிடம், “உங்க தங்கச்சி எப்பவும் இப்படியா?” என்று கேட்டார்.

அக்கா மெதுவாக நடந்துபோய்த் தன் நீலத் தளத்தின்மேல் உட்கார்ந்தாள். அது சரியாக அத்தானின் கைமரத்துக்குக் குறுக்கே இருந்தது. அத்தான் தன் இறவாரத்தின் ஓரத்தில் நின்றார். அது அவளுடைய கைப்பிடிச்சுவருக்கு வெளியே இருந்தது.

அப்போதுதான் என் மூக்கில் ஒரு துளி விழுந்தது.

(*ஓரக்குறிப்பு: உங்களுக்கு எப்போதோ தோன்றியிருக்கும். கூரை இல்லாத வீட்டின் தரையில், மழை மூட்டத்துக்கு அடியில், பொடியால் கூரை வரைந்தால் என்ன ஆகும் என்று. எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாக் கூரையும் தெரிந்தவருக்கும் தோன்றவில்லை, எழுதுகிறவளுக்கும் தோன்றவில்லை.*)

6

“ஐயையோ!” என்று உத்தரம் வெளியே ஓடி, வண்டியிலிருந்து தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தார். “அழிஞ்சா போச்சு! இன்னொரு தடவ வரைய எனக்கு நேரமில்ல! பிடிங்க, பிடிங்க!”

ஒரு மூலையை அவர் பிடித்தார். ஒரு மூலையை அத்தான் பிடித்தார். ஒரு மூலையை அக்கா எட்டிப் பிடித்தாள். நான்காவது மூலை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

நான் இந்த இடத்தை எப்படி எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ‘நான்காவது மூலை காற்றில்’ என்று ஆரம்பிக்கலாமா, இல்லை—

“குறிப்பா எடுத்துட்டு நிக்கற? வந்து பிடிடி!”

இப்படித்தான் நான் என் கதைக்குள் வந்து சேர்ந்தேன். கதாசிரியர்கள் கதைக்குள் நுழைவது பெரிய உத்தி என்பார்கள். எனக்கு அது வசவு வாங்கிக்கொண்டு நடந்தது. இரண்டு கையும் தார்ப்பாயில் இருக்கும்போது இதை யார் எழுதுகிறார்கள் என்று கேட்காதீர்கள். இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை.

எல்லோரும் சமமாகப் பிடித்தோம். தட்டைக் கூரை. வாட்டம் இல்லாததால் நடுவில் தண்ணீர் தேங்கித் தேங்கி, தொப்பை போட்டு, கீழே இறங்கியது. இரண்டு ஓரமும் உயர்ந்து நடு தாழ்ந்தால் அதற்குப் பட்டாம்பூச்சிக் கூரை என்று பெயர். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். தலைக்கு மேலே ஓர் அண்டாத் தண்ணீரோடு பார்க்க அவ்வளவு அழகாக இல்லை.

“ஒரு பக்கம் தூக்குங்க!” என்று கத்தினார் உத்தரம். அக்காவும் அத்தானும் ஒரே நேரத்தில் தூக்கினார்கள். ஒருபக்கச் சரிவு. சாய்ப்பு என்பார்கள், கொட்டகைக்குப் போடுவது. தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் உத்தரத்தின் தலையில் கொட்டியது.

உத்தரம் நனைந்த தலையோடு, “இந்தக் கூரையும் எனக்குத் தெரியும்” என்றார்.

அக்கா சிரித்தாள். அத்தானும் சிரித்தார். அடக்க அடக்கப் பீறிட்டு வருகிற சிரிப்பு. தார்ப்பாயே குலுங்கியது. நான் சின்ன வயதில் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு கேட்ட அதே சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழை என்று சொல்லிக்கொள்ளலாம், தார்ப்பாய்க்குக் கீழே நின்றுகொண்டு அது எடுபடாது.

அத்தான் ஒரு ரீப்பர் கட்டையைக் காலாலேயே இழுத்துக் கொண்டுவந்து, ஒரு கையால் நடுப்பக்கமாகச் சாய்த்து முட்டுக்கொடுத்தார். தார்ப்பாய் நான்கு பக்கமும் சரிந்தது. சிவப்பும் நீலமும் பத்திரமாக இருந்தன. மழை மேலே சடசடவென்று அடித்தது. கை வலித்தது. பேசுவதைத் தவிர செய்ய ஒன்றும் இல்லை.

“நாள் முழுக்க ஊரு மொட்டை மாடியிலதான் இருக்கேன்” என்றார் அத்தான், கட்டையைப் பார்த்துக்கொண்டே. “எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்ட் மோட்டார் ரூமு உச்சியிலதான். வெயிலு, தேங்கின தண்ணி, எங்க பாத்தாலும் வெடிப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா தலைக்கு மேல இருக்கறத நான் ஏறிப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு.”

அக்கா தன் மூலையில் பிடியை மாற்றிக்கொண்டாள்.

“எங்க ரூமுக்குச் சன்னல் கெடையாது” என்றாள். “கதவு ஈயம் வச்ச கதவு. காலையில உள்ள போனா, வெளிய மழையா வெயிலான்னுகூடத் தெரியாது. வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கேன், மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, மூச்ச இழுத்துப் பிடிங்க. ஊருக்கே மூச்சப் பிடிக்கச் சொல்லிட்டு வர்றேங்க. சாயங்காலம் நான் எங்கயாவது மூச்சு விட வேணாமா?”

“இத ஏன் நீ சொல்லவே இல்ல?”

“நீங்க கேக்கல.”

“நீயும் கேக்கல.”

“ஆமா.” அவள் அவர் பக்கம் திரும்பினாள். “உங்கள விட்டு விலகி மேல போகணும்னு நான் நெனைக்கல. அது சும்மா வாயில வந்தது.”

அத்தான் “சரி” என்றார். அந்தச் சரிக்கும் இந்தச் சரிக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத என்னிடம் சொல் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

7

நியாயமாக இங்கே முடித்திருக்க வேண்டும். இருவரும் சமாதானம், மழை நிற்கிறது, வானவில், முற்றும். உத்தரம் ஒத்துக்கொள்ளவில்லை.

“அதெல்லாம் சரிங்க. சிவப்ப வச்சுக்கறதா, நீலத்த வச்சுக்கறதா? எத அழிக்க?”

“அவருக்கு ஓட்டுக் கூரையே போட்டுடுங்க” என்றாள் அக்கா.

“அவளுக்கு மொட்டை மாடியே போட்டுடுங்க” என்றார் அத்தான். ஒரே நேரத்தில்.

உத்தரம் அளவுநாடாவை எடுத்து இழுத்து விட நினைத்திருப்பார், இரண்டு கையும் தார்ப்பாயில் இருந்ததால் முடியவில்லை. “கடவுளே” என்றார்.

“உங்களுக்கு ஏறிப் பாக்கப் பிடிக்காது.”

“உனக்கு வானம் வேணும்.”

“நான் சன்னல வச்சு ஓட்டிப்பேன்.”

“நான் ஏறாம இருந்துப்பேன். இல்ல, ஏறறேன். உன்கூடன்னா ஏறலாம்.”

மறுபடியும் சண்டை. ஆனால் இது வேறு மாதிரிச் சண்டை, கேட்கக் கேட்க அலுக்காதது. அதற்குள் அக்காவுக்குக் கை ஓய்ந்துவிட்டது. அவள் பக்கம் தாழத் தொடங்கியது. தண்ணீர் அந்தப் பக்கமாகத் திரண்டது.

அத்தான் அதைப் பார்த்தார். பார்த்ததும் தன் மூலையை விட்டார். கட்டையையும் விட்டார். கைமரத்தின்மேலே, தளத்தின்மேலே, சிவப்பு நீலம் எதையும் பார்க்காமல் ஓடிப்போய் அவளோடு சேர்ந்து அவள் மூலையைப் பிடித்துக்கொண்டார். நாலு கை ஒரே மூலையில். அக்கா, “இங்க வந்துட்டா அங்க யாரு பிடிப்பா?” என்கிறாள். கேட்கிறாளே தவிர, போகச் சொல்லவில்லை.

ஆக, அவருடைய மூலை இப்போது காலியாக இருக்கிறது. படபடவென்று அடித்துக்கொள்கிறது. சாரல் உள்ளே வருகிறது. இறவாரத்தின் ஓரத்தில் சிவப்பு கரைய ஆரம்பித்துவிட்டது, கைப்பிடிச்சுவரின் ஓரத்தில் நீலமும்.

நான் என் மூலையை விட முடியாது. உத்தரம் அவர் மூலையை விடமாட்டார். அவர்கள் இரண்டு பேரையும் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை, இத்தனை பாடுபட்டு ஒரே இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். கோட்டை மிதிக்காமல் சுவரோரமாக வாருங்கள். இதோ, இந்த மூலை. ஓரத்தில் கயிறு கோக்கிற வளையம் இருக்கிறது பாருங்கள், அதில் விரலைக் கொடுத்துப் பிடித்தால் வழுக்காது.

தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் சரிவுக் கூரை. எங்கள் கைகளுக்குச் சமமாகப் பிடித்தால் மொட்டை மாடி, கொஞ்சம் வாட்டம் மட்டும் விடுங்கள். எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லமாட்டேன். சத்தியமாக எனக்கே தெரியாது. உங்கள் பக்கம் எந்தக் கோடு நனையாமல் மிஞ்சுகிறதோ அதைத்தான் மழை விட்டதும் உத்தரம் இந்த வீட்டின் கூரையாக எடுத்துக்கொள்ளப்போகிறார். மற்றபடி அக்காவின் பையைப் பற்றிக் கவலை வேண்டாம், அதை அத்தான் நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வாராம். என் மேசை எனக்கு வந்துவிட்டது.

கை வலித்தால் சொல்லுங்கள். உத்தரம், “யாருங்க அந்த அஞ்சாவது ஆளு, முன்னபின்ன பாத்ததில்லையே?” என்று கேட்கிறார். நம்ம ஆள்தான் என்று சொல்லிவிட்டேன்.